சரக்கு வேகன் மாடல் கட்டுதல்: நீலகிரியில் தொடங்குவோர் கேட்கும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, உதகை வட்டாரத்தில் ரயில் மாடல்கள்மீது ஆர்வம் கொண்டவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஓடும் ரயில் அமைப்பைப் பற்றியோ அதன் மின்சுற்றைப் பற்றியோ இதில் பேசவில்லை. துண்டுகளாக வரும் ஒரு சரக்கு வேகன் கிட்டை ஒட்டி, நிறம் தீட்டி, உண்மை வேகனின் நுணுக்கங்களைச் சேர்த்து முடிப்பது மட்டுமே இதன் பொருள்.

எல்லோருக்கும் எஞ்சின்மீதுதான் கண் போகிறது. வேகனில் தொடங்கச் சொல்வது ஏன்?

எஞ்சினில் மோட்டாரும் பற்சக்கரங்களும் மின்தொடர்பும் உண்டு. அவற்றில் ஒன்று மயிரிழை பிசகினாலும் மொத்த உழைப்பும் அலமாரியில் போய் நின்றுவிடும். நான்கு சக்கர வேகனில் பெட்டியின் பக்கங்கள், அடிச்சட்டம், இரண்டு அச்சுகள், பிரேக் பொறி, முனைகளில் மோதலைத் தாங்கும் பஃபர்கள் ஆகியவையே இருக்கின்றன. வேலைக்குப் போய்வருகிற ஒருவர் மாலை நேரங்களை மட்டும் கொண்டே அதைத் தொடங்கி முடிக்க முடியும்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரியதாகத் தோன்றுகிறது. வேகன்கள் ஒரே வரைபடத்திலிருந்து ஆயிரக்கணக்கில் செய்யப்படுகின்றன. ஆனாலும் சில ஆண்டுகள் ஓடிய பிறகு எந்த இரண்டு வேகன்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றின் கதவு உள்ளே குழிந்திருக்கும், இன்னொன்றில் ஒரு தகடு மாற்றப்பட்டு அதன் நிறம் மட்டும் புதிதாக நிற்கும், மூன்றாவதில் பழைய எண்ணின் மேலேயே புதிய எண் எழுதப்பட்டிருக்கும். நாம் வழக்கமாக எண்ணிக்கையாக மட்டுமே பார்க்கும் ஒன்றைத் தனித்தனியாகப் பார்க்கக் கற்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் உயிர் என்பது என் உறுதியான எண்ணம். கிட்டை ஒட்டி முடிப்பது அதற்கு ஒரு சாக்கு என்றுகூடச் சொல்வேன்.

இது உண்மையிலேயே மனத்துக்கு ஓய்வு தருமா?

தரும், ஆனால் அவசரத்தோடு உட்கார்ந்தால் தராது. கைக்குச் சிறியதும் துல்லியமானதுமான ஒரு வேலை கிடைக்கும்போது மனம் வேறு இடங்களில் அலைவதைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதற்கு ஓர் இரவில் ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்: இன்று துண்டுகள் இணைந்து வரும் வார்ப்புச் சட்டத்திலிருந்து அவற்றை நறுக்கி அரத்தால் தேய்ப்பது மட்டும், நாளை பக்கங்களை ஒட்டுவது மட்டும் என்று. கண்ணோ தோளோ களைத்தவுடன் எழுந்துவிடுங்கள். களைப்போடு தொடர்ந்து செய்த வேலை மறுநாள் பார்க்கும்போது தனியாகத் தெரியும்.

ஸ்கேல் என்ற பெயரில் பல எழுத்துகள் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

உண்மை வேகனின் அளவை எந்த எண்ணால் வகுக்கிறோமோ அதுவே ஸ்கேல். உலகில் மிகப் பரவலானது 1:87 ஆகிய எச்.ஓ. பிரிட்டனில் 1:76 ஆகிய ஓ.ஓ. அதைவிடச் சிறியது என். அது பெரும்பாலான நாடுகளில் 1:160, பிரிட்டனில் 1:148. பெரியது ஓ, அது பிரிட்டனில் 1:43.5. எச்.ஓ., ஓ.ஓ. இரண்டும் ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான் நிற்கும். 1,435 மி.மீ. உண்மைப் பாதையை 87ஆல் வகுத்தால் 16.5 வருகிறது, ஆகவே எச்.ஓ.வில் கணக்கு பொருந்துகிறது. ஓ.ஓ.வில் அதே பாதை 18.83 மி.மீ. இருந்திருக்க வேண்டும். அங்கே பெட்டி பெரியது, பாதை ஒடுக்கமானது.

நம் நாட்டு வேகன்களுக்கு வந்தால் இந்தக் கணக்கு இன்னும் விலகுகிறது. நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; 1:87இல் அது 19.3 மி.மீ. ஆகும். அந்த அளவில் தண்டவாளமும் அச்சும் கடையில் கிடைக்காது என்பதால், பெட்டியை 1:87இல் சரியாகக் கட்டி, 16.5 மி.மீ. பாதையில் நிறுத்துவதையே பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். நானும் அதையே பரிந்துரைக்கிறேன். பக்கவாட்டில் பார்க்கும்போது இந்தக் குறை தெரிவதேயில்லை; நேர் எதிரே, முனையிலிருந்து பார்த்தால்தான் சக்கரங்கள் சற்று உள்ளே இருப்பது புலப்படும். நிலக்கரி ரயில்களில் நாம் பார்க்கும் பாக்ஸ்-என் வேகனின் நீளம் கப்ளிங் முதல் கப்ளிங் வரை 10,713 மி.மீ.; எச்.ஓ.வில் அது 123 மி.மீ., அதாவது உள்ளங்கையில் வைத்துப் பார்க்கத்தக்க நீளம். அதன் சக்கர விட்டம் புதிதில் 1,000 மி.மீ. என்பதால் மாடலுக்கு 11.5 மி.மீ. வேண்டும், பொதுவாகக் கிடைக்கும் 11 மி.மீ. சக்கரம் கண்ணை உறுத்தாமல் பொருந்திவிடும்.

நம் மலை ரயிலின் வேகனையோ பெட்டியையோ கட்ட முடியாதா?

நீலகிரியில் இருப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான், கேட்க வேண்டியதும்கூட. முடியும், ஆனால் இரண்டாவது அல்லது மூன்றாவது முயற்சியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெட்டியின் உடலைப் பிளாஸ்டிக் தகடுகளை வெட்டி நீங்களே செய்ய வேண்டியிருக்கும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரையான 46 கி.மீ. பாதை மீட்டர் கேஜ், 1,000 மி.மீ.யை 87ஆல் வகுத்தால் 11.5 மி.மீ. இதற்கு மிக நெருக்கமான 12 மி.மீ. பாதையும் அதற்கான சக்கரங்களும் எச்.ஓ.எம். என்ற பெயரில், பெரும்பாலும் சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் ரயில்களுக்காகத் தயாராகின்றன. பெமோ நிறுவனம் அதில் பெயர் பெற்றது. நம் மலை ரயிலோடு சுவிட்சர்லாந்துக்கு உள்ள உறவு பழையது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவில் கிடக்கும், எஞ்சினின் பற்சக்கரம் பிடித்து ஏறும் பற்சட்டம் சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறையைச் சேர்ந்தது, எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களில் பழையவை வின்டர்தூர் நகரின் எஸ்.எல்.எம். தொழிற்சாலையில் உருவானவை. ஆகவே சுவிஸ் மாடலுக்காகச் செய்த அடிச்சட்டத்தையும் சக்கரத்தையும் நம் பெட்டியின் கீழே வைப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

ஓடாமல் நிற்கும் காட்சி மாடலாகச் செய்தால் மலைப்பாதைக்கே உரிய சில விவரங்களைக் கட்டாயம் காட்டுங்கள். பற்சட்டப் பகுதியின் மிகச் செங்குத்தான சரிவு ஏறக்குறைய 12க்கு 1. ஆகவே 30 செ.மீ. நீளமுள்ள அடிப்பலகையில் ஒரு முனை மற்றதைவிட 2.5 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். இந்த ஒரு அளவைச் சரியாக வைத்தால், பார்ப்பவர் கேட்காமலேயே இது எந்தப் பாதை என்று சொல்லிவிடுவார். ஆப்ட் முறையில் இரண்டு பற்சட்டங்கள் பக்கம் பக்கமாக நிற்கும். ஒன்றின் பல் மற்றதன் இடைவெளிக்கு நேராக வரும். எஞ்சின் எப்போதும் கீழ்ப்பக்கத்தில் நின்று பெட்டிகளை மேலே தள்ளுவதால், எஞ்சினையும் வைப்பதாக இருந்தால் சரிவின் தாழ்ந்த முனையில் வையுங்கள். பெட்டியின் முன்மேடையில் கொடியோடு நிற்கும் பிரேக்காரரை மறந்துவிடாதீர்கள். அவர் இல்லாத மலை ரயில் பெட்டி எனக்கு முழுமையாகத் தோன்றுவதில்லை.

அப்படியானால் முதல் கிட் எது?

பிரிட்டிஷ் ரயில்களின் நான்கு சக்கரத் திறந்த வேகன் ஒன்றை ஓ.ஓ. ஸ்கேலில் வாங்குங்கள். பிளாஸ்டிக் கிட் வகையில் அங்கேதான் தேர்வு மிகுதி. அந்நாட்டில் லட்சக்கணக்கில் ஓடிய 16 டன் நிலக்கரி வேகன் நல்ல தொடக்கம்: 16 அடி 6 அங்குல நீளமும் 9 அடி அச்சிடைவெளியும் கொண்ட அந்த வேகன் மாடலில் 66 மி.மீ. நீளமே வரும். முன்பு ஏர்ஃபிக்ஸ் வார்த்த இந்தக் கிட்டை இப்போது டேபோல் விற்கிறது. பீக்கோவின் பார்க்சைடு வரிசையிலும் இது உண்டு. ஏர்ஃபிக்ஸின் வார்ப்பச்சு பழையது என்பதால் அதன் துண்டுகளைச் சீர்செய்ய அரம் அதிகம் பிடிக்கும். பார்க்சைடு கிட்டுகள் கூர்மையாக வார்க்கப்பட்டிருக்கும். பித்தளைத் தகடு கிட், வெள்ளை உலோகக் கிட், ரெசின் கிட் ஆகியவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என்னென்ன கருவிகள் தேவை?

மெல்லிய முனையுள்ள பக்கவெட்டுக் குறடு, பிளேடு மாற்றக்கூடிய கத்தி, தட்டையும் உருளையுமாக இரண்டு ஊசி அரங்கள், 400, 600, 1000 எண் உப்புத்தாள், சாமணம், இரும்பு அளவுகோல், சிறிய மூலைமட்டம், கையால் திருகும் துளைக்கருவி, அரை அடிச் சதுரக் கண்ணாடித் துண்டு. கண்ணாடியை இவற்றுள் முதன்மையாகக் கருதுகிறேன்; அது எப்போதும் சமதளமாக இருக்கும், பசை அதில் ஒட்டாது. நாற்பது வயதைக் கடந்தவர்கள் தலையில் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் வெள்ளை ஒளி தரும் மேசை விளக்கையும் முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள். வேலையை ஒரு தாம்பாளத்தில் வெளிர் நிறத் துணி விரித்து அதன்மேல் செய்தால், சாமணத்திலிருந்து தெறிக்கும் சிறு துண்டுகள் தரையில் காணாமல் போகாது.

எந்தப் பசை? வெளிநாட்டிலிருந்து கிட்டோடு சேர்த்து வரவழைக்கலாமா?

கிட்டை வரவழைக்கலாம், சுங்கவரி சேரக்கூடும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு. பசையையும் ஸ்பிரே பெயிண்டையும் வரவழைக்க முடியாது, ஏனென்றால் எளிதில் தீப்பற்றும் திரவங்களை விமான அஞ்சலில் ஏற்றமாட்டார்கள். அவற்றை இந்தியாவிலேயே வாங்க வேண்டும்.

பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் போல் மெல்லிய கரைப்பான் பசையே சிறந்தது. டாமியாவின் எக்ஸ்ட்ரா தின் அந்த வகை. இரண்டு துண்டுகளையும் முதலில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இணைப்பின் ஓரத்தில் தூரிகையால் ஒரு சொட்டு தொட்டால் போதும். திரவம் இடுக்கில் தானே ஓடி, இரு பக்கத்தையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். சில நிமிடங்களில் பிடித்துக்கொண்டாலும் முழுவதும் இறுக ஒரு நாள் விடுங்கள். உலோகம், ரெசின், 3டி அச்சில் செய்த துண்டு ஆகியவற்றை இந்தப் பசை கரைக்காது. அவற்றுக்கு ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையோ அரால்டைட்டோ வேண்டும். பெயர்ப்பலகைக் கடைகளில் அக்ரிலிக்குக்குப் பயன்படுத்தும் குளோரோஃபாமை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். அதன் ஆவி உடலுக்குத் தீங்கானது.

மலையில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை உண்டு. குளிர்காலத்தில் ஜன்னல்களை அடைத்துக்கொண்டு கரிக்கணப்பையோ மின்கம்பி ஹீட்டரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவது நம் வீடுகளில் வழக்கம். கரைப்பான் பசையின் ஆவி தீப்பற்றக்கூடியது. கரிக்கணப்பு கார்பன் மோனாக்சைடை வெளிவிடுகிறது. இந்த இரண்டும் ஒரே மூடிய அறையில் சேரவே கூடாது. ஒட்டும் வேலையைப் பகலில், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். குளிரும் இரவுகளை அரம் தேய்க்கவும் வெட்டவும் அளக்கவும் ஒதுக்குங்கள்.

ஒட்டும்போது பெட்டி கோணலாகிவிடுகிறதே?

வேகன் கட்டுவதில் நிறைய நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். இதில் காட்டும் பொறுமை பிறகு எல்லாவற்றிலும் கைகொடுக்கும்.

முதலில் எல்லாத் துண்டுகளையும் சட்டத்தோடு சேர்த்து வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள். வார்ப்பச்சிலிருந்து எளிதாக வெளிவரப் பூசும் எண்ணெய்ப்பசை அதில் போய்விடும். துண்டை நறுக்கும்போது வார்ப்புச் சட்டத்தின் காம்பைச் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தை அரத்தால் தேயுங்கள். வார்த்த பக்கங்களின் ஓரங்கள் பெரும்பாலும் நேர்க்கோணத்தில் இருப்பதில்லை. வார்ப்பச்சிலிருந்து கழன்று வருவதற்காக அவை மிகச் சிறிய சரிவோடு வார்க்கப்படுகின்றன. அந்தச் சரிவைத் தேய்த்து நீக்காமல் ஒட்டினால் பெட்டி மேல்நோக்கி விரியும் அல்லது குறுகும். பசை தொடும் முன் எல்லாவற்றையும் வெறுமனே பொருத்திப் பாருங்கள்.

ஒரு பக்கத்தையும் ஒரு முனையையும் கண்ணாடியின்மேல் மூலைமட்டத்தோடு நிறுத்தி ஒட்டுங்கள். எதிர்ப்பக்கத்துக்கும் எதிர்முனைக்கும் அதே போலச் செய்து, இரண்டு எல் வடிவங்கள் இறுகிய பிறகு அவற்றைத் தளத்தோடு சேருங்கள். நான்கு பக்கத்தையும் ஒரே மூச்சில் ஒட்டுவதைவிட இது நெடுநேரம் பிடிக்கும், ஆனால் கோணம் தப்பாது. மூடிய வேகன் கட்டுவதாக இருந்தால் தளத்தில் இரண்டு சிறு துளைகள் இடுங்கள். உள்ளே அகப்பட்ட பசை ஆவி வெளியேற வழியில்லாவிட்டால் சில மாதங்களில் பக்கங்கள் உள்வாங்கி வளையும். நம் குளிரில் ஆவி மெதுவாகவே போகும் என்பதால் இந்தத் துளைகளை நான் விடுவதே இல்லை.

அடுத்தது சக்கரம். அச்சின் கூர்முனை சுழல்வதற்குப் பித்தளைக் கிண்ணத் தாங்கிகளை அச்சுப்பெட்டியின் பின்புறத்தில் பதிக்க வேண்டும். இரண்டு பக்கச் சட்டங்களையும் சக்கரங்களோடு சேர்த்து ஒட்டி, பசை இளகியிருக்கும்போதே வேகனைக் கண்ணாடியில் நிறுத்தி மேலிருந்து மெல்ல அழுத்துங்கள். நான்கு சக்கரங்களும் கண்ணாடியைத் தொட வேண்டும். மூலையை விரலால் தொட்டால் ஆட்டம் இருக்கக் கூடாது. ஆட்டம் இருந்தால் அந்த மூலைக்கு மீண்டும் ஒரு சொட்டுப் பசை விட்டு இளக்கி, சரியான நிலையில் இறுகவிடுங்கள். இறுகிய பின் ஊதினாலே சக்கரம் சுழல வேண்டும்.

வேகன் காற்றில் பறப்பதுபோல் இலேசாக இருக்கிறது. எடை சேர்க்க வேண்டுமா?

ஓட்டுவதாக இருந்தால் கட்டாயம் வேண்டும். ஓ.ஓ.வில் ஓர் அச்சுக்கு 25 கிராம் என்பது பழகிய கணக்கு. நான்கு சக்கர வேகனுக்கு மொத்தம் 50 கிராம். எச்.ஓ.வுக்கு அமெரிக்காவின் மாடல் ரயில் ஆர்வலர் அமைப்பான என்.எம்.ஆர்.ஏ. அடிப்படையாக 1 அவுன்சும், ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்சும் பரிந்துரைக்கிறது, 123 மி.மீ. பாக்ஸ்-என் வேகனுக்கு இது ஏறக்குறைய 97 கிராம் வரும். எடைக்கு இரும்பு நட்டுகளே போதும். ஈயக் குண்டுகளைப் பயன்படுத்தினால் அவற்றை ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் பதிக்காதீர்கள்: ஈயம் அதில் மெல்ல அரிக்கப்பட்டுப் பருத்து, ஆண்டுகள் கழித்துப் பெட்டியையே பிளந்துவிடும். அரால்டைட்டில் பதியுங்கள், ஈயம் தொட்ட கையைக் கழுவுங்கள்.

மழைக்காலத்தில் பெயிண்ட் வெளுத்துப் போகிறது. இங்கே எப்போதுதான் நிறம் தீட்டுவது?

கரைப்பானோடு கூடிய வார்னிஷும் ஸ்பிரேயும் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர்விக்கின்றன. காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, பாலாடை படர்ந்ததுபோல் வெண்மையாகிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையிலும் மேகமே வீட்டுக்குள் புகும் ஊர்களில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான்.

ஆகவே ஆண்டைப் பிரித்துக்கொள்வது நல்லது. மழை மாதங்களில் கட்டுங்கள், ஜனவரி முதல் மார்ச் வரையான தெளிந்த பகல்களில் தீட்டுங்கள். கட்டிமுடித்த நான்கைந்து வேகன்கள் வெயிலுக்காகக் காத்திருப்பதில் எந்த நட்டமும் இல்லை. ஒரே நாளில் அனைத்துக்கும் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிப்பது வேலையையும் மிச்சப்படுத்தும். அந்த மாதங்களிலும் உதகைப் பக்கம் உறைபனி விழும் விடியலைத் தவிர்த்து, காலை பத்து மணிக்கு மேல் தொடங்குங்கள். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் நிறம் 10 டிகிரிக்குக் கீழே நல்ல படலமாகப் பிடிக்காது. ஸ்பிரே டப்பா குளிர்ந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் நிறுத்துங்கள். அடுப்புப் பக்கமோ கணப்புப் பக்கமோ கொண்டுபோகாதீர்கள். மழையில் தீட்டியே ஆக வேண்டுமென்றால் தூரிகையால் அக்ரிலிக்கை மெல்லிய பூச்சுகளாக இட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட மூடிய பெட்டிக்குள் உலரவிடுங்கள்.

நிறத்தின் தேர்வில் ஒன்று சொல்ல வேண்டும். நம் வேகன்களில் மிகுதியாகக் காணும் செம்பழுப்பு நிறத்தை உண்மை வேகனில் இருப்பது போலவே மாடலில் அடித்தால் அது அடர்த்தியாகத் தெரியும். சிறிய பொருளைத் தொலைவிலிருந்து பார்ப்பதாகவே கண் எடுத்துக்கொள்வதால், சிறிது வெள்ளையோ மணல் நிறமோ கலந்து மங்கலாக்கினால்தான் இயல்பாக இருக்கும்.

வேகனின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்களையும் எழுத்துகளையும் எப்படிப் புரிந்துகொள்வது?

எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. பாக்ஸ்-என் என்பதில் முதல் எழுத்து போகி வேகன் (இரண்டு நான்கு சக்கரத் திரும்புசட்டங்களின்மேல் நிற்பது) என்பதையும், ஓ திறந்தது என்பதையும், எக்ஸ் உயர்ந்த பக்கங்களையும், இறுதி என் காற்றழுத்த பிரேக்கையும் குறிக்கின்றன. பி.சி.என். என்றால் மூடிய வேகன், பி.டி.பி.என். என்றால் பெட்ரோலியம் ஏற்றும் டேங்க் வேகன். அதன் அருகே வெறும் எடையும், ஏற்றத்தக்க சுமையும், பணிமனையில் பெரிய பராமரிப்பு நடந்த நாளும், அடுத்து எப்போது திரும்ப வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கும்.

வேகன் எண்ணில் 11 இலக்கங்கள் உண்டு. முதல் இரண்டு வேகனின் வகையையும், அடுத்த இரண்டு உடைமையாளரான ரயில்வேயையும், அதற்கடுத்த இரண்டு தயாரான ஆண்டையும், பின்வரும் நான்கு அந்த வேகனுக்கே உரிய எண்ணையும் சொல்லும். கடைசி இலக்கம் முன்னுள்ள பத்தும் பிழையின்றி எழுதப்பட்டனவா என்று சரிபார்ப்பதற்கு. ஆகவே ஏதோ ஓர் எண்ணை மனம்போல் எழுதாமல், நீங்களே பார்த்த ஒரு வேகனின் எண்ணை எழுதுங்கள். 2015இல் தயாரான வேகன் என்று எண் சொல்லும்போது, அரை நூற்றாண்டுத் துருவை அதன்மீது ஏற்றக் கூடாது என்பதும் தானாக விளங்கிவிடும்.

எழுத்துகளை டீகால் தாளில் அச்சிட்டு, தண்ணீரில் நனைத்து நகர்த்தி ஒட்டுவதே வழி. ஒட்டும் இடத்தில் முதலில் பளபளப்பு வார்னிஷ் இட வேண்டும். மங்கலான பரப்பில் ஒட்டினால் டீகாலுக்குக் கீழே காற்று தங்கி வெள்ளித்திட்டாகத் தெரியும். முடிவில் மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு. நம் வேகன்களில் பல எழுத்துகள் கையால் எழுதப்பட்டவை. சற்று ஏறியிறங்கும் அந்தக் கையெழுத்தை உங்கள் தூரிகையால் எழுதிப் பார்ப்பதும் நல்லதே.

நுணுக்கங்களில் எதை முதலில் சேர்க்க வேண்டும்?

பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது எது ஒளியை ஊடுருவவிடுகிறதோ அதை. அடிச்சட்டத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள வெளியில்தான் பிரேக் கட்டைகள், இழுகம்பிகள், பிரேக் உருளை, நெம்புகோல் எல்லாம் தொங்குகின்றன. அங்கே கம்பி மெல்லியதாக இருந்தால் முழு வேகனும் மெல்லியதாகத் தோன்றும். கிட்டில் தடித்த பிளாஸ்டிக்காக வரும் கைப்பிடிகளை நறுக்கிவிட்டு 0.3 மி.மீ. பித்தளைக் கம்பியை வளைத்துப் பொருத்துங்கள். ஓ.ஓ. கிட்டில் பாதை ஒடுக்கம் என்பதால் பிரேக் கட்டைகள் சக்கரத்துக்கு நேராக வராமல் வெளியே நிற்கும். அவற்றை வெட்டி உள்ளே தள்ளி ஒட்டுவது சிறிய வேலை, பலன் பெரிது. பிரிட்டிஷ் வேகனில் கைபிரேக் நெம்புகோல் இரு பக்கத்திலும் இருக்கும். பார்ப்பவருக்கு வலப்புற முனையில் அதன் கைப்பிடி வர வேண்டும்.

திறந்த வேகனின் உட்புறத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேலிருந்து குனிந்துதான் மாடலைப் பார்க்கிறோம் என்பதால் வெளிப்புறத்தைவிட உட்புறமே முதலில் கண்ணில் படும்.

துருவும் அழுக்கும் ஏற்றுவது எப்படி?

வேகன் என்ன சுமந்ததோ அதிலிருந்து தொடங்குங்கள். நிலக்கரி வேகனின் உட்புறம் உராய்வால் நிறமே இழந்து, துருவும் கரித்தூளும் கலந்து நிற்கும். சிமென்ட் ஏற்றிய மூடிய வேகனில் கதவைச் சுற்றிச் சாம்பல் வெண்மை படிந்திருக்கும். டேங்க் வேகனில் மேல்மூடியிலிருந்து வழிந்த கறை நேராகக் கீழிறங்கும். சக்கரமும் அடிச்சட்டமும் எந்த வேகனாயினும் பிரேக் தூளால் ஒரே பழுப்பாக இருக்கும். மெல்லிய நீர்த்த நிறத்தைப் பூசி, காய்வதற்குள் ஈரத் தூரிகையால் மேலிருந்து கீழாகத் துடைத்தால் மழை எப்படி இழுத்திருக்குமோ அப்படியே கறை நிற்கும். போதும் என்று தோன்றுவதற்குச் சற்று முன்பே நிறுத்திவிடுங்கள்.

மலையில் சரக்கு ரயிலே வருவதில்லையே, உண்மை வேகனை எங்கே பார்ப்பது?

மேட்டுப்பாளையம் நிலையத்தில் அகலப்பாதையும் மீட்டர் கேஜும் பக்கம் பக்கமாக வந்து முடிகின்றன. ஒரே நடைமேடையில் நின்று இரண்டின் அளவையும் ஒப்பிட இதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை. குன்னூரில் எஞ்சின் மாற்றுவதைப் பார்க்கலாம். சரக்கு வேகன்களுக்குப் போத்தனூர் வழியாகப் பாலக்காட்டுக்கும் ஈரோட்டுக்கும் போகும் பாதையைப் பாருங்கள். சென்னை ஐ.சி.எஃப். வளாகத்தை ஒட்டிய ரயில் அருங்காட்சியகமும், திருச்சியில் உள்ளதும் பழைய வண்டிகளை அருகிலிருந்து பார்க்க உதவும். தண்டவாளத்தில் இறங்குவதும் யார்டுக்குள் நுழைவதும் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம். அளவெடுக்கும் ஆசையில்கூட அதைச் செய்யாதீர்கள். தெரிந்த அளவு ஒன்று நீங்கள் எடுத்த புகைப்படத்தில் இருந்தால், உதாரணமாகச் சக்கர விட்டம், மற்ற அளவுகளை அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

12 வயது மகள் கேட்கிறாள். கொடுக்கலாமா?

கொடுக்கலாம். கத்தியும் கரைப்பான் பசையும் பெரியவர் கையில் இருக்கட்டும். அரம், தூரிகை, டீகால் ஆகியவற்றை அவளிடம் விடுங்கள்.

ரயில் பாதை அமைக்க வீட்டில் இடமில்லை. வேகன் மட்டும் செய்து என்ன பயன்?

30 செ.மீ. பலகை ஒன்றில் ஒரு துண்டுத் தண்டவாளமும் சிறிது மண்ணும் போதும்; வேகன் நிற்க அதுவே நிலையம். தரைக்கு நம் வீட்டிலேயே சிறந்த பொருள் இருக்கிறது: வடிகட்டிய தேயிலைத் தூளை நன்றாக அலசி, வெயிலில் முறுக உலர்த்தி, சலித்து, நீர்த்த ஃபெவிகாலின்மேல் தூவினால் காட்டு மண்ணின் கருமை அப்படியே வரும். அரைகுறையாக உலர்ந்திருந்தால் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும்.

முடித்த மாடல்களை எப்படிப் பாதுகாப்பது?

கண்ணாடிக் கதவுள்ள அலமாரி, உள்ளே சிலிக்கா ஜெல், மாதம் ஒருமுறை அதைச் சூடாக்கி உலர்த்துவது. அட்டைப்பெட்டியில் வைத்தால் ஈரத்தை அட்டை உறிஞ்சிக்கொண்டு மாடலுக்கே திருப்பித் தரும். எஃகு அச்சுள்ள சக்கரங்களில் துளி எண்ணெய் தொட்டு வையுங்கள்.

ஒரு வேகன் முடிந்தது. அடுத்து எதைக் கட்டுவது?

அதே கிட்டை இன்னொருமுறை வாங்குங்கள். முதல் வேகனுக்குப் பக்கத்தில் நிற்கும்போது இரண்டும் வேறுவேறு வாழ்க்கை வாழ்ந்தவையாகத் தெரிய வேண்டும் என்பதை மட்டும் இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் புதிதாக எழுதிய எண், மற்றதில் மாற்றிய கதவு, ஒன்று ஏற்றிய நிலக்கரியோடு, மற்றது காலியாக. மூன்றாவதாக ஒரு பிரேக் வேன் கட்டலாம். ஜன்னலும் கைப்பிடிகளும் கார்டின் இருக்கையும் கொண்ட அது, முதல் இரண்டில் பழகிய கைக்குப் பொருத்தமான வேலை.